காதுக்குள் இரண்டு நாள்

அன்புள்ள சார்,

சென்ற வாரம் முதல்முறையாக ஒரு ராக் கச்சேரிக்குப் போய்வந்தேன். திறந்தவெளி மைதானம். வாசல் திறப்பதற்கு முன்பே வரிசையில் நின்று, உள்ளே ஓடி, மேடைக்கு முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியைப் பிடித்துவிட்டேன். வலது பக்க ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே. ஆறு மணி நேரம் அந்த இடத்தை விடவில்லை, தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. பத்து வருடமாக ஹெட்ஃபோனில் கேட்டுவந்த குழு கண்முன்னே வந்து நின்றபோது அழுதுவிட்டேன்.

குறைகளும் உண்டு. சுற்றியிருந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். நான் காத்திருந்த பழைய பாடல்கள் இரண்டை வாசிக்கவே இல்லை. பின்னால் நின்ற என் நண்பர்களோ, “பாட்டு காற்றில் போய்ப்போய் வந்தது, ஒரு வரிகூடப் புரியவில்லை, வீட்டிலேயே ஆல்பத்தைக் கேட்டிருக்கலாம்” என்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்கும் பாதி வரிகள் கேட்கவில்லை. மனப்பாடமாக இருந்ததால் கூடவே பாடிவிட்டேன், அவ்வளவுதான். இப்படிக் கேட்பது உண்மையில் இசை கேட்பதுதானா? கூட்டத்தின் ஆவேசத்தைத்தான் இசை என்று நினைத்துக்கொள்கிறோமா?

இரண்டு நாள் காதில் ‘ஙொய்’ என்று சத்தம் இருந்தது. யார் பேசினாலும் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் அது அடங்கியபோது, அந்த இரவே முடிந்துபோய்விட்டதுபோல் வருத்தமாகிவிட்டது.

வி.

அன்புள்ள வி.,

தினமும் கடிதங்கள் வருகின்றன, எல்லாவற்றுக்கும் பதில் போட முடிவதில்லை. உங்களுடையதை மூன்று முறை படித்தேன். அதன் கடைசிப் பத்திதான் காரணம். சென்ற வாரம்தான் என் காதை மறுபடியும் பரிசோதித்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தக் காகிதம் இன்னும் மேசைமேல் கிடக்கிறது.

முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். போனைத் தூக்கிப் பிடிப்பவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அவர்கள் வாங்கிய டிக்கெட், அவர்கள் கை. பழைய பாடல்களை வாசிக்கவில்லை என்ற குறையும் எல்லாக் குழுவின் ரசிகர்களுக்கும் என்றைக்கும் இருப்பதுதான், விடுங்கள்.

பாதி வரிகள் கேட்கவில்லை என்கிறீர்களே, அதற்குக் காரணம் நீங்கள் நின்ற இடம். பெரிய மைதானங்களில் பாடகரின் குரல் முக்கியமாக மேடையின் இரு பக்கமும் உயரத்தில் வரிசையாகத் தொங்கும் ஸ்பீக்கர்களிலிருந்து வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை உங்கள் தலைக்கு மேலே, பின்னால் இருக்கும் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டவை. தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபர்களோ பெரும்பாலும் தரையில், மேடைக்கு அடியில், தடுப்புக் கம்பிக்குச் சில அடி தூரத்திலேயே இருக்கும். அதனால் கம்பியைப் பிடித்து நிற்பவருக்கு பேஸும் டிரம்ஸும் நெஞ்சில் இடிக்கும், குரல் மட்டும் எங்கோ மேலே போய்விடும். சவுண்ட் இன்ஜினியர் உட்கார்ந்திருக்கும் இடம் கூட்டத்துக்கு நடுவில், மேடையிலிருந்து நன்றாகத் தள்ளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். எனவே அவர் பக்கத்தில் போய் நிற்பவருக்குத்தான் பாட்டு பாட்டாகக் கேட்கும். ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நீங்கள் காத்துநின்ற இடம், கேட்பதற்கு அந்த மைதானத்திலேயே மோசமான இடங்களில் ஒன்று.

உங்கள் நண்பர்கள் சொல்வதும் பொய் இல்லை. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்மர் குச்சியை ஓங்கி அடிப்பது முதலில் தெரியும், அடி விழும் சத்தம் கிட்டத்தட்ட 0.3 நொடி கழித்து வரும். அதற்காகத்தான் மைதானத்தின் நடுவில் கோபுரம்போல் இன்னும் சில ஸ்பீக்கர்களை நிறுத்தி, மேடையிலிருந்து ஒலி வந்துசேரும் நேரத்துக்கு ஏற்ப அவற்றைத் தாமதித்து ஒலிக்கவைக்கிறார்கள். காற்றைத் தாமதிக்க முடியாது. அது வீசும் திசைக்கு ஒலி வளையும், கீச்சென்ற உச்ச ஒலிகள் தூரத்தில் தேய்ந்துபோகும். போய்ப்போய் வந்தது என்று அவர்கள் சொன்னது இதைத்தான்.

ஆனாலும் அது இசை கேட்பதுதான். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த நிகழ்ச்சிக்கென்றே கிட்டார் ஒலியைப் பெருக்கும் 100 வாட் ஆம்ப்கள் செய்யப்பட்டன. குரல் மைதானத்தின் சொந்த ஒலிபெருக்கி வழியாகப் போனது. கூட்டத்தின் அலறலில் எல்லாமே மூழ்கிவிட்டது, மேடையில் இருந்தவர்களுக்கே தாங்கள் வாசிப்பது சரியாகக் கேட்கவில்லை. அன்று அங்கே இருந்த ஒருவரிடம் போய் ‘நீ இசை கேட்கவில்லை’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

காதில் இருந்த சத்தம் அடங்கியபோது வருத்தமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் அடங்க ஒரு நாள் ஆனது.

அந்தச் சத்தம் உங்கள் காது போட்ட கூச்சல். உட்செவியில், நத்தைக்கூடுபோல் சுருண்டிருக்கும் அந்தச் சின்ன உறுப்புக்குள், ஒரு காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம் மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது எத்தனையோ அத்தனைதான். செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. பெரும் சத்தத்தில் அவை தாங்க முடியாமல் சாய்கின்றன. கொஞ்ச நேரச் சாய்வு என்றால் ஒன்றிரண்டு நாளில் நிமிர்ந்துவிடும், அதைத்தான் ‘சரியாகிவிட்டது’ என்கிறோம். 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது வேறு மாதிரி இருக்கிறது. சத்தத்துக்குப் பிறகு எலிகளின் கேட்கும் திறன் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது, செல்களும் அப்படியே இருந்தன, ஆனால் அந்தச் செல்களிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இணைப்புகளில் ஏராளமானவை திரும்பி வராமலே போய்விட்டன. எலிக்கு நடந்தது மனிதனுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மூன்றாம் நாள் சத்தம் நின்றது என்பதை வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்ளவும் முடியாது.

கணக்கும் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபல், ஒரு நாளைக்கு 8 மணி நேரம். சத்தம் 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1. 100 டெசிபலுக்கு வரும்போது வெறும் 15 நிமிடம். ராக் கச்சேரியின் முன்வரிசையில் 100ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். நீங்கள் விரும்பும் குழு இரண்டரை மணி நேரம் வாசித்தது என்று வைத்துக்கொண்டாலே பத்து மடங்கு ஆகிறது. அதற்கு முன்னால் வாசித்த குழுக்களை நான் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கென்று வெளியிட்ட தர வரையறையில் சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கிறது, காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான இடம் ஒன்று வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் போன மைதானத்தில் அப்படி ஓர் இடம் இருந்ததா என்று பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள், கம்பியை விட்டு நகர்ந்தால்தானே.

திறந்தவெளியில் இன்னொரு ஏமாற்று உண்டு. மூடிய அரங்கில் சுவர்கள் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், தலை வலிக்கும், கொஞ்ச நேரம் வெளியே போய்வரலாம் என்று தோன்றும். மைதானத்தில் திருப்பி அடிக்கச் சுவர் இல்லை. மேலே வானம், முகத்தில் காற்று, ஒலி சுத்தமாக வந்து சுத்தமாகப் போய்விடுகிறது. அதனால் அது அளவுக்கு மீறியது என்றே உறைப்பதில்லை. எனக்கு உறைக்கவில்லை.

என் வயது அப்போது இருபத்திரண்டு. நானும் உங்களைப்போலவே ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தவன், எனக்குக் கிடைத்தது இடது பக்கம். இரண்டாவது பாட்டில் சட்டைத்துணி உடம்பில் படபடவென்று அடித்தது இன்னும் நினைவிருக்கிறது. காற்று என்று நினைத்தேன், பார்த்தால் பக்கத்தில் இருந்த கொடி அசையவில்லை. பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு அடிக்கும் துணி எழுந்து எழுந்து விழுந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேன், எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லி முடியாது. திரும்பி வரும்போது நண்பன் என்னவோ பேசிக்கொண்டே வந்தான், அவன் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. வலது காது மறுநாளே சரியாகிவிட்டது. இடது காதில் இருந்த சத்தம் மூன்றாம் நாளும் இருந்தது, முப்பதாம் நாளும் இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது. மெல்லிய கம்பி ஒன்றை இழுத்துக்கொண்டே போவதுபோல் ஒரே சுருதியில், நான் தூங்கும் வரைக்கும்.

மேசைமேல் கிடக்கும் காகிதத்தில், தாழ்ந்த ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை எனக்கு எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஒரு கோடு இருக்கிறது. இடமிருந்து வலமாக நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து, மறுபடி கொஞ்சம் ஏறுகிறது. சத்தத்தால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம், மருத்துவர் பார்த்ததுமே ‘ஆலையில் வேலை செய்தீர்களா?’ என்றுதான் கேட்டார். உச்ச ஒலிகள் போனால் பேச்சில் மெய்யெழுத்துகள் மங்கும். ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது பிடிபடாது. பசியா, படியா, பதியா என்று உதட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கும். மெல்லிய குரல் என்றால் இன்னும் சிரமம்.

என் மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது, ஓடிவந்து என் இடது காதில் வாயை வைத்து ஏதோ ரகசியம் சொன்னாள். மூச்சுக்காற்று மட்டும் சூடாக வந்தது. நான் தலையாட்டிச் சிரித்தேன். அவள் விலகி நின்று என் முகத்தையே பார்த்தாள், அப்புறம் சுற்றிவந்து வலது காதில் சொல்லாமல், “உங்களுக்குக் கேக்கலப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என்ன ரகசியம் என்று பிறகு எத்தனையோ முறை கேட்டேன். அவளுக்கு மறந்துவிட்டது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதில் மறுபேச்சு வேண்டாம். அடுத்த கச்சேரிக்கு இயர்ப்ளக் இல்லாமல் போகாதீர்கள். அதைப் போட்டால் பாட்டு மந்தமாகிவிடும் என்பீர்கள். பஞ்சுபோன்ற மலிவான நுரை ப்ளக் உச்ச ஒலிகளைக் கூடுதலாக அடக்கிவிடும், உண்மைதான். இசைக்கலைஞர்களுக்கென்றே வடிகட்டி வைத்த ப்ளக்குகள் இருக்கின்றன, அவை எல்லா ஒலிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கின்றன. குரல் தனியாக, கிட்டார் தனியாக, முன்பைவிடத் தெளிவாகக்கூடக் கேட்கும். நுரைதான் கிடைத்தது என்றால் அதையே போடுங்கள், ஆனால் சரியாகப் போடுங்கள். விரல்களுக்கு நடுவில் உருட்டி உருட்டி மெல்லிய திரியாக்குங்கள். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதை மேலே இழுத்துப் பிடித்து, திரியை உள்ளே நுழைத்து, அது விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டிருங்கள். காது ஓரத்தில் பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றால் போட்டும் பெரிதாகப் பயனில்லை.

அப்புறம், ஹெட்ஃபோனில் கேட்பதே மேல் என்று உங்கள் நண்பர்கள் சொல்லிக்கொண்டிருந்தால் அவர்களிடம் த ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றிச் சொல்லுங்கள். 1976 மே 31இல் லண்டனின் சார்ல்டன் மைதானத்தில் அவர்கள் வாசித்தபோது, ஸ்பீக்கர்களிலிருந்து 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் பதிவானது. உலகிலேயே சத்தமான கச்சேரி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பிறகு அந்தப் போட்டியே காதுகளைக் கெடுக்கிறது என்று கின்னஸ் அந்தப் பிரிவை நிறுத்திவிட்டது. அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தன் காது கெட்டதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவர் பெரிதும் குறை சொல்வது மேடையை அல்ல, ஸ்டுடியோவில் உரக்க வைத்துக் கேட்ட ஹெட்ஃபோனை. பத்து வருடமாக ஹெட்ஃபோனில் கேட்டேன் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு சத்தமாக என்று எழுதவில்லை.

கண்முன்னே அவர்களைப் பார்த்து அழுதேன் என்று எழுதியிருந்த வரியை நான் தாண்டிப்போய்விடவில்லை. அங்கே நின்று எனக்கும் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது. நீங்கள் நாற்பது வயதிலும் அறுபது வயதிலும் அப்படிப் போய் நிற்க வேண்டும் என்பதால்தான் இத்தனை திட்டும்.

இந்த மாதத்துக்குள் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சத்தம் திரும்பி வந்தாலோ, ஒரு காது மட்டும் அடைத்ததுபோல் இருந்தாலோ மாதக்கடைசி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். இரண்டு நாள் இருந்த அந்தச் சத்தம் வலது காதிலா, இடது காதிலா, இரண்டிலுமா? அதையும் எழுதுங்கள்.

அன்புடன்