காதுக்குள் ஒரு குட்டித் தசை: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் மகனுக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ரிப்போர்ட்டில் மட்டும் 'ரிஃப்ளெக்ஸ் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். நரம்புக் கோளாறா?

பதில்: பயப்படாதீர்கள். உரத்த ஒலி கேட்டால் நடுக்காதிலுள்ள குட்டித் தசை தானாகச் சுருங்கும்; அதுதான் ரிஃப்ளெக்ஸ். சமீபத்தில் சளி பிடித்திருந்ததா? நடுக்காதில் நீர் கோத்திருந்தால், தசை சுருங்கினாலும் கருவிக்குத் தெரியாது. அதே ரிப்போர்ட்டில் டிம்பனோகிராம், அதாவது செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று காட்டும் படம், இருக்கும். அதில் கோடு மலை மாதிரி எழும்பாமல் தட்டையாகக் கிடந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மலை சரியாக இருந்தும் ரிஃப்ளெக்ஸ் வரவில்லை என்றால், காது நரம்பின் வேலையைப் பார்க்கும் 'பெரா' சோதனை செய்யலாமா என்று கேளுங்கள். நன்றாகக் கேட்கிற சிலருக்கும் இது பதிவாவதில்லை.

கேள்வி: ஆடியாலஜி முதலாண்டு படிக்கிறேன் மேடம். இந்தச் சோதனையில் காதுக்குள் ஓடவிடும் ஒலிக்கு 226 ஹெர்ட்ஸ் என்ன கணக்கு?

பதில்: கடல் மட்டத்தில், 226 ஹெர்ட்ஸில், 1 மில்லிலிட்டர் காற்றின் ஒலி ஏற்புத்திறன் 1 மில்லிமோ (அந்தத் திறனின் அலகு). கணக்கு சுலபம், அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு 1000 ஹெர்ட்ஸ் வையுங்கள்.

அந்த ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஒலியை உரக்கக் கொடுக்கிறோம். பொதுவாக 70 முதல் 100 டெசிபலுக்குள் ஸ்டேபிடியஸ் தசை அங்கவடி எலும்பை இழுத்துப் பிடிக்கும். திரையில் கோடு பள்ளமாக இறங்கும். குழந்தை எச்சில் விழுங்கினாலும் கோடு குதிக்கும்! அதனால் ஒரே பள்ளத்தை நம்பாதீர்கள். அதே அளவில் மறுபடி கொடுங்கள். ஒலி நிற்கும்வரை பள்ளம் நின்று, பிறகு மேலே வந்தால்தான் ரிஃப்ளெக்ஸ்.

கேள்வி: இவ்வளவு பழைய சோதனையை ஆராய்ச்சியாளர்கள் இப்போது ஏன் தேடிப் போகிறார்கள்?

பதில்: 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவரும் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள். இரைச்சலுக்குப் பிறகு கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் ஒலியை உணரும் முடிசெல்லுக்கும் நரம்புக்கும் நடுவிலுள்ள இணைப்புகளில், உட்காதின் சில பகுதிகளில், பாதியளவு போய்விட்டன. எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று பதியும் ஆடியோகிராம் இதைக் காட்டாது. அப்படி இணைப்பிழந்த எலிகளில் ரிஃப்ளெக்ஸ் பலவீனமாவதைப் பின்னால் கண்டார்கள். மனிதர்களில் முடிவுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இப்போது ஒற்றை ஒலிக்குப் பதில் 'க்ளிக்' விட்டுப் பல அதிர்வெண்களில் ஒரே சமயத்தில் பார்க்கிறார்கள். தசையைத் தூண்ட மறுகாதில் இரைச்சல். இதில் சின்ன மாற்றமும் பிடிபடும். ஆனால் உட்காதிலிருந்து வரும் எதிரொலியும் அதில் கலக்கும், அதைத் தசையின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: அப்படியானால் பட்டாசுச் சத்தத்திலிருந்து இந்தத் தசை காப்பாற்றுமா?

பதில்: காப்பாற்றாது. முழுதாகச் சுருங்க மில்லிசெகண்டுகள் பல ஆகும். அதற்குள் வெடி உட்காதுக்குப் போய்விடும். பிள்ளைகளுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள்.