நெல் வயலில் அடுத்துப் போடும் பருத்தி ஏன் தேறுவதில்லை?

உரம் போதவில்லை என்று பலரும் சொல்வார்கள். நான் முதலில் மண்ணைத் தோண்டிப் பார்க்கச் சொல்வேன். தண்ணீர் கட்டிச் சேற்றுழவு செய்யும்போது மண் கட்டிகள் கரைந்து, பெரிய துளைகள் அடைபடுகின்றன. நெல்லுக்கு அது நல்லதுதான், தண்ணீர் சீக்கிரம் கீழே இறங்காது. ஆனால் வருஷா வருஷம் அதே ஆழத்தில் உழுவதாலும் டிராக்டர், அறுவடை இயந்திரங்களின் எடையாலும், 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில் மண் இறுகிப்போகிறது. அங்கே ஒரு கம்பியைக் குத்தினால் சட்டென்று நிற்கும். செடியைத் தோண்டி எடுத்தால், ஆணிவேர் அந்த இடத்தில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். அதனால்தான் மேல்மண் காய்ந்ததும் பயிர் வாடுகிறது.

கோடையில் மண் காய்ந்திருக்கும்போது, அந்த இறுகிய மண்ணை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பையை ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் மண் உடையாது, டீசல்தான் வீண். அப்புறம் தொழுவுரம், பசுந்தாள் உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டு என்று ஏதாவது சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில வருஷத்தில் மறுபடி இறுகிவிடும்.