தமிழ்க் கூட்டமா, தெரியாதவர் கூட்டமா?

கேள்வி: எனக்கு வயது 47. தாராவியில் தோல் பைகள் தைக்கும் பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருக்கிறேன். இருபது ஆண்டுகளாகக் குடித்து, மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வெளியே வந்து, இன்றோடு 26 நாள்களாகக் குடியைத் தொடவில்லை. மருத்துவர் சொன்னபடி மாட்டுங்காவில், குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் ஒன்றுக்குப் போனேன். எல்லோரும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசினார்கள். கடவுளையும் அடிக்கடி இழுத்தார்கள். நான் சாமி கும்பிடுகிறவன் அல்லன். தமிழிலும் கூட்டம் நடக்கிறது என்கிறார்கள். ஆனால் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், எங்கள் திருநெல்வேலிக்காரர்கள் யாராவது என்னை அங்கே பார்த்துவிட்டால் என்ன ஆவது? நான் எந்தக் கூட்டத்துக்குப் போவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மும்பை

பதில்: தமிழ்க் கூட்டத்துக்கே போங்கள். சேட்டிடம் கூலி பேசவும் ரயிலில் இடம் கேட்கவும் உங்கள் இந்தி தாராளமாகப் போதும். ஆனால் மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கன்ட்ரி பாரில் கொடுத்துவிட்டு வந்த இரவு ஒன்று உங்களுக்கும் இருக்குமானால், அதை அந்த இந்தியில் சொல்லும்போது பாதி உண்மை உங்களை அறியாமலே நழுவிவிடும். அந்த அறையில் நடக்கும் வேலையே ஒருவர் தம் கதையை மழுப்பாமல் சொல்வதும், மற்றவர் அதில் தம்மைக் கண்டுகொள்வதும்தான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குச்சந்தைத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் உட்கார்ந்து பேசியதிலிருந்துதான் இந்த அமைப்பே பிறந்தது.

உங்கள் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. வரன் பேசுகிற வீட்டில் ஒரு சொல் என்ன செய்யும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே கூட்டங்களில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என இரண்டு வகை உண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், மாணவர், வேடிக்கை பார்க்க வருகிறவர் என யாரும் வரலாம். மூடிய கூட்டத்தில் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் மட்டுமே உட்காருவார்கள். அங்கே உங்களைப் பார்க்கிற ஊர்க்காரர், நீங்கள் அவரைப் பார்த்துவிட்டதற்காக உங்களைவிட அதிகம் கவலைப்படுவார். முழுப் பெயரோ முகவரியோ யாரும் கேட்பதில்லை. அப்படியும் மனம் கூசினால், ரயிலில் மூன்று நான்கு நிலையம் தள்ளி நடக்கும் தமிழ்க் குழு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையிலேயே இருப்பதால், எந்த மொழியில், எந்தக் கிழமை, எங்கே என்று அங்கு தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வருந்தாதீர்கள்: இருபது ஆண்டுகள் நீங்கள் தள்ளாடி நடந்ததைப் பார்த்த தெருவுக்கு, நீங்கள் குடித்தவர் என்ற செய்தி புதிதாக இருக்காது.

மாட்டுங்காவில் ஒரு நாள் உட்கார்ந்ததை வைத்து ஏ.ஏ.வையே முடிவுகட்ட வேண்டாம். ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்வது. ஒன்றின் வாடை மற்றொன்றில் இராது. குறைந்தது ஆறு கூட்டமாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருந்தும் இன்னும் வந்து உட்காருகிறவர்கள் அங்கே இருக்கிறார்களா, பேசுகிறவர் தம் கதையைச் சொல்கிறாரா அல்லது உங்களுக்கு உபதேசம் செய்கிறாரா என்று கவனியுங்கள். கட்டணம் கிடையாது, பை ஒன்று சுற்றி வரும், உறுப்பினர்கள் இயன்றதைப் போடுவார்கள், நீங்கள் போடாவிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கடன் கேட்கிறவரிடமிருந்தும், மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரிடமிருந்தும் விலகிக்கொள்ளுங்கள்.

கடவுள் விஷயத்தில் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மைதான். ஆனால் "நாங்கள் அறிந்துகொண்ட வண்ணம்" என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். சேருவதற்கான தகுதியாகக் கேட்பது குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றைத்தான். கடவுளை நம்பாத பலர் அந்தக் குழுவையே தம்மைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் குடிக்காமல் இருக்கிறார்கள்.

மொழிக்கு அடுத்தபடியாக நான் பார்ப்பது நேரத்தை. பட்டறையில் சனிக்கிழமைதானே கூலி கைக்கு வரும்? அப்படியானால் சனிக்கிழமை மாலைக் கூட்டம் உங்களுக்கு மற்ற ஆறு நாள் கூட்டங்களையும்விட முக்கியம். பணத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வழக்கமான பார் வழியில் வராத பாதையாகப் பார்த்துப் போங்கள். இரண்டு தெரு சுற்றினாலும் பரவாயில்லை. பணி மிகுந்து போக முடியாத நாளில் கைபேசி வழியாகத் தமிழில் நடக்கும் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம். ஆனால் தொடக்க மாதங்களில் நேரில் போவதற்கு அது ஈடாகாது என்பதே என் எண்ணம்.

கூட்டம் சிகிச்சைக்குத் துணை நிற்குமே தவிர, சிகிச்சையாகிவிடாது. ஒருவேளை சறுக்கி, மீண்டும் தினமும் அதிகமாகக் குடிக்கும் நிலை வந்துவிட்டால், ரோஷத்தில் ஒரே நாளில் நீங்களாக நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் உடல் நடுக்கமும் வந்து உயிரையே பறிக்கலாம். சயான் மாநகராட்சி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணிலும் வழி கேட்கலாம். உங்கள் மனைவி விரும்பினால், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் இருப்பதை அவரிடம் சொல்லுங்கள்.

முதல் நாள் பத்து நிமிடம் முன்பே போய் உட்காருங்கள். உங்கள் முறை வரும்போது, "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும். முடிந்ததும் வாசலை நோக்கி ஓடிவிடாதீர்கள். வெளியே பெரும்பாலும் ஒரு கட்டிங் கிடைக்கும். நம் ஊர்க் கட்டிங் இல்லை, மும்பைக் கட்டிங், அரைக் குவளைத் தேநீர். அதைக் குடித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவரின் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை கூலி கைக்கு வந்தவுடன் அழைக்க வேண்டிய எண் அது.