மென்ஓட்டு ஆமைக்கு உண்மையில் ஓடு உண்டா? மற்ற ஆமைகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

உண்டு. ஆனால் நாம் ஓடு என்று தட்டிப் பார்க்கும் மேல்பகுதி மட்டும் கிடையாது.

நட்சத்திர ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே விலா எலும்புகள் அகன்று, முதுகெலும்போடு சேர்ந்து தகடாகியிருக்கும். அதன்மேல், நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே வகைப் பொருளாலான கெட்டிச் செதில்கள் மூடியிருக்கும். மென்ஓட்டு ஆமைகளுக்கு அந்தச் செதில்கள் இல்லை, தடித்த தோல்தான் போர்த்தியிருக்கிறது. அடியில் எலும்பு இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இனங்களில் ஓரத்து எலும்புகள் இல்லாததால் விளிம்பு வளைந்து கொடுக்கும். கடலில் வாழும் ஏழுவரி ஆமைக்கும் முதுகில் தோல்தான். ஆனாலும் இரண்டும் நெருங்கிய சொந்தம் இல்லை, தனித்தனியாக இந்த நிலைக்கு வந்தவை.

இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். கவசத்தைக் குறைத்துக்கொண்டதால்தான் இந்த ஆமைகளுக்குப் பல வசதிகள் கிடைத்திருக்கின்றன. உடல் தட்டையாகவும் எடை குறைவாகவும் இருப்பதால் வேகமாக நீந்தும், கரையிலும் நல்ல ஓட்டம் ஓடும். ஆழமில்லாத இடத்தில் மணலுக்குள் புதைந்துகொண்டு, நீண்ட கழுத்தை நீட்டி, குழாய் போன்ற மூக்கின் நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி மூச்சு விடும். மீனோ நண்டோ பக்கத்தில் வந்தால் கழுத்து பாய்கிற வேகத்தில் தப்புவது கஷ்டம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் சுவாசம். எல்லா ஆமைகளையும் போல இதற்கும் நுரையீரல்தான். ஆனால் தோல் வழியாகவும், தொண்டைக்குள் ரத்த நாளங்கள் நிறைந்த சிறு இழைகள் வழியாகவும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை ஓரளவு எடுத்துக்கொள்ளும். சீன மென்ஓட்டு ஆமை இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடலில் சேரும் யூரியாவைச் சிறுநீரில் வெளியேற்றுவதைவிட வாய் வழியாகவே அதிகம் வெளியேற்றுகிறது என்று சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாயைக் கொப்பளித்தாலே வேலை முடிந்தது. சிறுநீரில் வெளியேற்ற நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பு கலந்த நீரில் வாழும்போது அது ஆபத்து.

இன்னொரு முக்கியமான வேறுபாடு குஞ்சுகளில். பங்குனி ஆமை போன்ற கடலாமைகளில் மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. மென்ஓட்டு ஆமைகளில் அதைக் குரோமோசோம்களே முடிவு செய்துவிடுகின்றன. பூமி சூடாகிக்கொண்டிருக்கும் காலத்தில் இது பெரிய பலம்.

சரி, நம் ஊரில் எங்கே பார்க்கலாம்? ஏரி, குளம், வயல் வாய்க்கால்களில் இருக்கும் பாலாமை இந்தக் குடும்பம்தான். இலங்கையிலும் உண்டு. இதன் வயிற்றுப் பக்கத்தில் பின்னங்கால்களுக்கு நேராக இரண்டு தோல் மடிப்புகள் இருக்கும். காலை உள்ளே இழுத்ததும் அவை கதவு போல மூடிக்கொள்ளும். மற்ற பெரும்பாலான மென்ஓட்டு ஆமைகளுக்கு இந்த வசதி இல்லை. குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மழை வரும்வரை காத்திருக்கும். நத்தை, தவளை, செத்த மீன், நீர்ச்செடி எல்லாம் தின்னும். குளத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் இப்படிப்பட்ட ஒரு பிராணியை இறைச்சிக்காகப் பிடிப்பதைக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கவசம் குறைந்ததற்கான விலை மனிதர்களிடம்தான் தெரிகிறது. வியட்நாமின் ஹனோய் நகரில் மக்கள் தெய்வமாகப் போற்றிய ஹோவான் கியம் ஏரி ஆமை, உலகிலேயே மிகப் பெரிய நன்னீர் ஆமை இனங்களில் ஒன்றைச் சேர்ந்தது. அது 2016-ல் இறந்தது. சீனாவின் சுஜோ உயிரியல் பூங்காவில் இருந்த அதே இனப் பெண் ஆமை 2019-ல் இறந்துபோனது. இன்று அந்த இனம் அழிவின் விளிம்பில் நிற்கிறது. அசாமில் கதை வேறு மாதிரி. அங்கே கருப்பு மென்ஓட்டு ஆமை இயற்கையில் அழிந்துவிட்டதாக 2002-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் கோயில் குளங்களில் பக்தர்கள் பொரி போட்டு வளர்த்ததால் பிழைத்தது. பிறகு ஆறுகளிலும் தென்பட்டது.

வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்க நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: கூடாது. பாலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் விற்றாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மழைக்காலத்தில் ரோட்டில் ஒன்றைப் பார்த்தால், அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விடுங்கள். தூக்கும்போது ஓட்டின் பின்பாதியை இரண்டு கையாலும் பிடியுங்கள். கழுத்து நீளம் என்பதால் நடுவில் பிடித்தால் திரும்பிக் கடித்துவிடும். புண்ணியம் என்று நினைத்துக் கடலிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கும் குளமோ வாய்க்காலோதான் அதற்கு வீடு.