பீர் கிட் வாங்கியாச்சு. டின்னோடு வந்த தாளில் உள்ளபடி செய்தால் போதுமா?

கேட்டவரிடம் இருப்பது வழக்கமான ஆரம்ப கிட்: ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்த்த 1.7 கிலோ மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்தின் இனிப்புச் சாறு) டின், சின்ன ஈஸ்ட் பாக்கெட், மூடியும் ஏர்லாக்கும் (வாயு வெளியேற விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) வைத்த வாளி. 23 லிட்டர் வரும், ஒரு வாரத்தில் பாட்டிலில் அடைக்கலாம் என்கிறது தாள்.

பாதி போதும். அளவுகளைப் பெரும்பாலும் நம்பலாம். வெப்பநிலையையும் நாள் கணக்கையும் நம்ப வேண்டாம். தானியத்தை ஊறவைத்து இனிப்பை இறக்குவது, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைப்பது என்று கஷ்டமான வேலை எல்லாம் ஆலையிலேயே முடிந்துவிட்டது. நமக்கு மிச்சம் ஈஸ்டை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வதுதான். (வீட்டில் பீர் செய்ய உங்கள் இடத்தில் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை டின்னைத் திறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மெத்தனால் பயம் வேண்டாம். இதில் வடிப்பது கிடையாது.)

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் சானிடைசர் வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு அலசத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமில வகை சானிடைசரை, அதன் பாட்டிலில் சொன்ன அளவில் கரைத்து, இரண்டு நிமிடம் நனைய விடுங்கள். வாளியின் குழாயைக் கழற்றி மரை இடுக்கு வரை கழுவணும். பழைய பீர் காய்ந்து ஒளிந்திருக்கும் இடம் அதுதான். ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோலைக்கூட விடாதீர்கள். வாளிக்குள் கம்பி நார் போடவே கூடாது, கீறலில் கிருமி குடியேறும்.

டின் மூடிக்கு அடியில் இருக்கும் ஈஸ்டை எடுத்து வைத்துவிட்டு, டின்னை 15 நிமிடம் வெந்நீரில் நிறுத்துங்கள். தேன் மாதிரி இறுகியிருப்பது இளகிவிடும். வாளியில் 3 லிட்டர் கொதிநீர் விட்டு, டின்னைக் கவிழ்த்து, ஒட்டியதையும் வெந்நீரால் அலசி ஊற்றுங்கள். தாள் கேட்கும் 1 கிலோ சர்க்கரையை அப்படியே போட்டால் பீர் தண்ணியாக இருக்கும். அரை கிலோ உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட், அரை கிலோ டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) என்று பிரித்துப் போடுங்கள். குளிர்ந்த நீர் சேர்த்து 21 லிட்டரில் நிறுத்தினால் இன்னும் திடமாக வரும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பீரில் மருந்து வாசனை அடிக்கும். கொதிக்கவைத்து ஆறவைத்தால் குளோரின் போய்விடும், சில ஊர்களில் அதற்குப் பதில் சேர்க்கும் குளோரமின் லேசில் போகாது. அதற்கு அரை கேம்ப்டன் மாத்திரையை (சல்பைட் மாத்திரை) பொடித்துக் கலந்தால் போதும்.

இனி வெப்பநிலை. 27 டிகிரி வரை பரவாயில்லை என்று தாள் சொல்லும். சாதாரண ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை) ஈஸ்டுக்கு 18 முதல் 20 தான் நல்லது. லாகர் (குளிரில் நொதிக்கும் வகை) என்று எழுதிய டின்களிலும் பல நேரம் ஏல் ஈஸ்ட்தான் இருக்கும். கலவை 20 டிகிரிக்கு வந்ததும் காற்று சேரும்படி பலமாகக் கலக்கி ஈஸ்டைத் தூவுங்கள். காற்று வேண்டியது இந்த ஒரு தடவைதான். கிட்டில் வரும் 5-7 கிராம் ஈஸ்ட் கொஞ்சம் குறைச்சல். தனியாக 11 கிராம் ஏல் ஈஸ்ட் வாங்குவதுதான் கிட்டுக்குச் செய்யும் மிக லாபமான செலவு.

நொதிக்கும்போது உள்ளே சூடு பிறக்கும். அறையை விட 3, 4 டிகிரி கூடுதலாகப் போகலாம். முதல் மூன்று நாள் சூடு ஏறினால் நெயில் பாலிஷ் வாசனையும் தொண்டையைச் சுடும் காரமும் வந்துவிடும், பிறகு எதுவும் சரிசெய்யாது. வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, காலையும் மாலையும் உறைந்த தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிப் போடுங்கள். அறையைக் குளிர்விக்க வழியே இல்லை என்றால் சூட்டோடு மல்லுக்கட்டாமல் க்வைக் என்ற நார்வே ஈஸ்டுக்கு மாறிவிடுங்கள். 30 டிகிரிக்கு மேலும் சுத்தமாக வேலை செய்யும்.

ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்று பதறுவார்கள். பெரும்பாலும் மூடியில் கசிவு, அவ்வளவுதான். வாளிச் சுவரில் பழுப்பு நுரை வளையம் ஒட்டியிருந்தால் நொதித்தல் நடந்திருக்கிறது. முடிந்ததா என்பதை ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவை) ஒன்றுதான் சொல்லும். ஈஸ்ட் போடும் முன் 1.040 பக்கம், கடைசியில் 1.010 பக்கம் காட்டும். அளக்கும்போது சுழற்றிவிடுங்கள், ஒட்டிய குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்து அளவை ஏமாற்றும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம்: 0.030 × 131 = 3.9. மாதிரியைத் திரும்ப வாளியில் ஊற்ற வேண்டாம். 1.020 இல் நின்றுவிட்டால் வாளியை மெல்லச் சுழற்றி 22 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள்.

மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண் வந்தாலொழிய பாட்டிலில் அடைக்காதீர்கள். நொதிக்காத சர்க்கரையோடு அடைத்த கண்ணாடி பாட்டில் வெடித்தால் சில்லு அறை முழுக்கப் பறக்கும். இரண்டு வாரம் வாளியிலேயே விடுவது நல்லது. நொதிக்கும்போது வரும் பச்சை ஆப்பிள், வெண்ணெய் வாசனைகளை ஈஸ்டே தின்று தீர்க்கும்.

பாட்டிலில் வாயு ஏற, அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை மட்டும் சேர்க்கணும். 20 லிட்டர் தேறினால் 120 கிராம். ஒரு டம்ளர் நீரில் கொதிக்கவைத்து இரண்டாவது வாளியில் ஊற்றி, இறக்கும் குழாயின் நுனி அந்த வாளியின் அடியைத் தொடும்படி பீரை இறக்குங்கள். இங்கே தெறித்தால் சில வாரத்தில் நனைந்த அட்டை ருசி வரும். அழுத்தம் தாங்கும் பழுப்பு பாட்டில்கள்தான் வேண்டும், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறும். ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடையுங்கள். விரலால் அமுக்கிப் பார்த்தால் கல்லாக இருக்கும் அன்று வாயு ஏறியிருக்கும். 20 டிகிரியில் சுமார் இரண்டு வாரம் ஆகும்.

பிறகு இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியில் நிற்கவைத்து, ஒரே மூச்சில் சாய்த்து ஊற்றி, அடியில் ஒரு விரல் கலங்கலைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். அது ஈஸ்ட்தான். குடித்தால் ஆபத்தில்லை, வயிறு கொஞ்சம் சத்தம் போடும்.