மெல்லன்கேம்ப்: எங்கிருந்து கேட்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க ராக் பற்றிய குறிப்பொன்றில் பாடகர் ஜான் மெல்லன்கேம்பை ஒரே வரியில் பாராட்டியிருந்தீர்கள். அதை நம்பி முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்டேன். மூன்றாவதைத் தாண்ட முடியவில்லை. இன்னொரு அமெரிக்க ராக் பாடகரான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைக் கேட்டவனுக்கு இவரிடம் புதிதாக என்ன இருக்கிறது?

க.

அன்புள்ள க.,

வரிசையாகக் கேட்டதில்தான் சிக்கல். இவருடைய ஆரம்ப ஆல்பங்களில் இவர் இல்லை. 1976இல் முதல் ஆல்பம் வந்தபோது அட்டையில் ‘ஜானி கூகர்’ என்று இருந்தது. மேலாளர் டோனி டெஃப்ரீஸ் இவரைக் கேட்காமலே வைத்த பெயர் அது. உள்ளேயும் பல பாட்டுகள் மற்றவர்களுடையவை. 1982இல் ‘அமெரிக்கன் ஃபூல்’ அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. அந்த வெற்றியின் பலத்தில்தான் அடுத்த ஆண்டு ‘ஜான் கூகர் மெல்லன்கேம்ப்’ என்று சொந்தக் குடும்பப் பெயரை ஒட்டிக்கொண்டார். கூகர் முழுதாக உதிர 1991 ஆனது. தன் பெயரில் பாட ஒரு மனிதருக்குப் பதினைந்து ஆண்டுகள்! எனக்கு இவர் ஆல்பங்களின் கதையே இதுதான்.

நீங்கள் தொடங்க வேண்டியது 1985இல் வந்த ‘ஸ்கேர்குரோ’. அது அமெரிக்க விவசாயிகளுக்குக் கொடுங்காலம். எழுபதுகளில் நிலத்தின் மதிப்பை நம்பிக் கடன் வாங்கியவர்கள், எண்பதுகளில் வட்டி ஏறி, விளைபொருள் விலையும் நில விலையும் விழுந்ததும் சிக்கிக்கொண்டார்கள். தலைமுறைகளாக உழுத பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. முதல் பாட்டில் அப்படி ஒரு நிலம் போகிறது. ஏலம் விட வருபவர் குடும்பத்தின் பழைய நண்பர்; இது என் வேலை, புரிந்துகொள் என்கிறார். வங்கியைத் திட்டி ஆயிரம் பாட்டு எழுதலாம். அந்த நண்பரைக் கொண்டுவந்து நிறுத்த, ஊருக்குள் வாழ்ந்தவரால்தான் முடியும். அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று பாடகர்கள் வில்லி நெல்சன், நீல் யங் ஆகியோருடன் இல்லினாய் மாநிலத்தின் சாம்பெய்னில் விவசாயிகளுக்கு நிதி திரட்டும் முதல் ‘ஃபார்ம் எய்ட்’ கச்சேரியை நடத்தினார். பாடியதோடு விட்டுவிடவில்லை, பல பத்தாண்டுகளாக அதில் நிற்கிறார்.

ஸ்பிரிங்ஸ்டீனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கும் அவர் மிகப் பிடித்தவர். ஆனால் அவருடைய புகழ்பெற்ற பாத்திரங்கள் காரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடத் துடிப்பவர்கள். மெல்லன்கேம்பின் ஆட்கள் ஊரிலேயே இருந்துவிட்டவர்கள். அவரே இண்டியானாவின் சீமோர் என்ற சிறு ஊரில் பிறந்து, அதே மாநிலத்தின் புளூமிங்டன் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர்தானே. இருப்பதன் அலுப்பு, பெருமை, மூச்சுமுட்டல் எல்லாமே அவர் பாட்டில் உண்டு.

அப்புறம் 1987இன் ‘தி லோன்ஸம் ஜூபிலி’. என்னைக் கேட்டால் இதுதான் உச்சம். லிசா ஜெர்மானோவின் ஃபிடிலும் ஜான் காசெல்லாவின் அக்கார்டியனும் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஒரே வரியைச் சேர்ந்து வாசிக்கும். அடியில் கென்னி அரோனாஃபின் டிரம்ஸ் இடிபோல் விழும். திண்ணைப் பாட்டும் ராக்கும் ஒன்றாகிவிட்ட சத்தம் அது. ஃபிடில் வரும்போதெல்லாம் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. 1989இன் ‘பிக் டாடி’ இதன் சோர்ந்த தம்பி, இரவில் கேளுங்கள்.

தொண்ணூறுகளில் நல்ல பாட்டுகள் உண்டு, முழு ஆல்பமாக நிற்பவை குறைவு. 1994இல் மாரடைப்பு வந்து மீண்டார். 2008இல் டி போன் பர்னெட் தயாரிப்பில் வந்த ஆல்பத்திலிருந்து வேறொரு மெல்லன்கேம்ப். புகையில் கரகரத்த குரலை அவர் மறைக்கவில்லை. 2010இன் ‘நோ பெட்டர் தேன் திஸ்’ ஆல்பத்தை ஒரே மைக்கில், பழைய டேப் ரெக்கார்டரில், மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், பதிவு செய்தார். ஒரு பாட்டுக்காக, 1936இல் புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் பாடிப் பதிவு செய்த சான் அன்டோனியோ ஹோட்டல் அறைக்கே போனார். பெயரைப் போலவே ஒலியிலும் ஒட்டியிருந்ததையெல்லாம் உரித்துவிட்டார்.

சரி, இன்று ‘ஸ்கேர்குரோ’வின் முதல் மூன்று பாட்டுகளை மட்டும் நிறுத்தாமல் கேளுங்கள். நிலம் போன பாட்டுக்கும் சின்ன ஊரைக் கொண்டாடும் பாட்டுக்கும் நடுவே ஒரு நிமிடம்போல வயதான பெண்குரல் ஒன்று பாடும். அது அவருடைய பாட்டி. தாவிவிடாதீர்கள்.