நுரையீரல் உறைக் காசநோய்: மரபணுவை எங்கே தேடுவது? கேள்வி பதில்

கேள்வி (நுண்ணுயிரியல் முதுகலை மாணவி): சார், நுரையீரல் உறைக் காசநோயோடு (நுரையீரலைச் சுற்றிய உறையில் வந்து நெஞ்சில் நீர் கோக்க வைப்பது) தொடர்புடைய மரபணுக்கள் என்று கட்டுரைக்குக் கட்டுரை வேறு பட்டியல் வருகிறது. எதை நம்புவது?

பதில்: ‘தொடர்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பிறவியிலேயே டிஎன்ஏவில் இருக்கும் வேறுபாடு நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறதா என்பது ஒன்று. அதற்கு ரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏ போதும், ஆனால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும். நோய் வந்தபின் உறைநீர்ச் (அந்த உறைக்குள் கோத்த நீர்) செல்களில் எந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறது என்பது இன்னொன்று. அதற்கு ஆர்என்ஏ வேண்டும், சில பத்துப் பேரை வைத்தே தொடங்கலாம். நீங்கள் பார்க்கும் பட்டியல்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. அவற்றில் இருப்பது பெரும்பாலும் நோயின் விளைவு. கட்டுரையைத் திறந்ததும் மாதிரி டிஎன்ஏவா ஆர்என்ஏவா, ஒப்பீட்டுக் குழு யார் என்ற இரண்டையும் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

கேள்வி (நெஞ்சக மருத்துவர்): உறைநீரில் ஏடிஏ என்ற நொதி 40 அலகைத் தாண்டினால் காசநோய் என்று யோசிக்கிறோம். அப்படியானால் ஏடிஏ2 மரபணுவும் பட்டியலில் சேர வேண்டாமா?

பதில்: நல்ல உதாரணம். காசநோய் உறைநீரில் கூடும் ஏடிஏவில் பெரும்பங்கு ஏடிஏ2 வடிவம். அதைச் சுரப்பவை மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள். அதாவது நோயாளி ஏடிஏ2 மரபணுவில் கோளாறோடு பிறக்கவில்லை. வந்து குவிந்த செல்கள் அதைச் சுரக்கின்றன. நோயை அடையாளம் காட்டுவதால் அது நோய்க்குக் காரணமாகிவிடாது. 22ஆவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணு இரண்டு பிரதியிலும் பழுதானால் வருவது ரத்தக்குழாய் அழற்சியும் சிறு வயதுப் பக்கவாதமும். 2014இல் விவரிக்கப்பட்ட தனி நோய் அது. தவிர, சீழ் கோத்த நெஞ்சிலும் லிம்ஃபோமாவிலும் ஏடிஏ ஏறும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

கேள்வி (உயிர்தகவலியல் ஆய்வு மாணவர்): ஜியோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்திலிருந்து தரவு இறக்கி, இரு குழுக்களில் மரபணு வேலை வேறுபாட்டைக் கணக்கிடும் டீசெக்2 மென்பொருளை ஓட்டினேன். காசநோய் உறைநீர், இதயச் செயலிழப்பால் கோத்த நீர் இரண்டையும் ஒப்பிட்டதில் 3,000க்கு மேல் மரபணுக்கள் வருகின்றன. இவ்வளவு வருமா?

பதில்: வரும். ஆனால் அதில் பாதிக்கு மேல் நீங்கள் அளந்தது செல் விகிதமாக இருக்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். காசநோய் உறைநீரில் டி செல்கள் 80 சதவீதம், ஒப்பீட்டு நீரில் 40 சதவீதம் என்று வையுங்கள். டி செல்லில் மட்டும் வேலை செய்யும் ஒரு மரபணு ஒவ்வொரு செல்லிலும் இம்மியும் மாறவில்லை. இருந்தும் மொத்த ஆர்என்ஏவில் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். லாக்2 அளவில் 1. ‘மரபணு மாறியது’ என்று ஏற்க எல்லோரும் வைக்கும் வரம்பு அதேதான்! பட்டியலின் உச்சியில் சிடி3இ, சிடி2 போன்ற டி செல் மரபணுக்கள் வரிசையாக நின்றால் சந்தேகமே வேண்டாம். செல் வகை எண்ணிக்கை கையில் இருந்தால் அதைக் கணக்கீட்டு மாடலில் ஒரு மாறியாகச் சேருங்கள். இல்லையென்றால் செல் விகிதத்தைக் கணிக்கும் மென்பொருளை ஓட்டுங்கள்.

ஒப்பீட்டுக் குழுதான் பாதி விடையை எழுதுகிறது. ஆரோக்கியமானவர் நெஞ்சில் எடுக்கிற அளவுக்கு நீரே இருக்காது. இதயச் செயலிழப்பு நீரோடு ஒப்பிட்டால் ‘அழற்சி’ என்ற விடை கிடைக்கும், ‘காசநோய்’ என்ற விடை கிடைக்காது. மருத்துவருக்கு உண்மையில் குழப்பம் தருவது புற்றுநோய் நீரும் நிமோனியாவை ஒட்டி வரும் நீரும். அந்த இரண்டோடும் ஒப்பிடுங்கள்.

டீசெக்2வுக்குள் மூல எண்ணிக்கைதான் போக வேண்டும். எஃப்பிகேஎம், டிபிஎம் போன்ற சரிக்கட்டிய மதிப்புகளைப் போட்டுவிட்டு முடிவு சரியில்லை என்று வருந்துபவர்கள் நிறைய. நுண்வரிசைத் (மைக்ரோஅரே) தரவென்றால் லிம்மா மென்பொருள். 20,000 மரபணுக்களைச் சோதிக்கையில் பி-மதிப்பு (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) 0.05 என்றால் தற்செயலாகவே 1,000 தேறிவிடும். எனவே பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறையில் திருத்திய மதிப்பை மட்டும் பாருங்கள். பெண்களில் எழும் எக்ஸிஸ்ட், ஆண்களில் எழும் ஆர்பிஎஸ்4ஒய்1 இரண்டையும் வரைந்து, பதிவில் உள்ள பாலினத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். மாதிரி இடம் மாறியிருந்தால் அங்கேயே பிடிபடும்.

கேள்வி (ஆய்வகத் தொழில்நுட்பர்): உறைநீரிலிருந்து வரும் ஆர்என்ஏ எப்போதும் குறைவாக, சிதைந்து வருகிறது. எங்கே தவறுகிறோம்?

பதில்: பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்தில். காசநோய் உறைநீரில் புரதம் அதிகம். சும்மா குழாயில் விட்டால் ஃபைப்ரின் கட்டி பிடித்து, செல்கள் அந்த வலையில் சிக்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீரை எவ்வளவு சுழற்றினாலும் பயனில்லை. இடிடிஏ குழாயில் எடுங்கள். ஹெப்பரின் வேண்டாம்; அது ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு வந்து ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் தலைகீழ்ப் படியெடுப்பு நொதியைத் தடுக்கும்.

ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, மூடியிட்ட வாளிகள் உள்ள சுழற்றியில் 4 டிகிரியில் 300 ஜி விசையில் 10 நிமிடம். செல்களைக் கரைக்கும் முன் ஒரு துளியில் எண்ணிக்கையும், ஒரு கண்ணாடித் தகட்டில் செல் வகையும் பார்த்து எழுதிவையுங்கள். முந்தைய பதிலில் சொன்ன மாறி இதுதான். பிறகு தேடினால் கிடைக்காது. படிவு சிவப்பாக இருந்தால் மட்டும் சிவப்பணு கரைப்பான் போடுங்கள். மைக்ரோலிட்டருக்கு 2,000 செல் என்றால் 10 மில்லி நீரில் 2 கோடி. செல்களைக் கரைக்கும் ட்ரைசால் 1 மில்லிக்கு 50 லட்சம் முதல் 1 கோடி வரைதான் தாங்கும். ஆகவே 2 மில்லியாவது வேண்டும். குறைத்து ஊற்றினால் டிஎன்ஏவும் கலந்து வரும். கரைத்ததை மைனஸ் 80இல் வைக்கலாம். ஆர்என்ஏ சிதையாமல் இருப்பதைக் காட்டும் ஆர்ஐஎன் மதிப்பெண் 7க்குக் கீழே போனால் வரிசைப்படுத்த அனுப்பும் முன் யோசியுங்கள்.

எல்லாம் உயிர்ப் பாதுகாப்புப் பெட்டிக்குள். ட்ரைசால் கழிவில் ப்ளீச் ஊற்றாதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

கேள்வி (அதே ஆய்வு மாணவர்): புரத இணைப்பு வலையைக் காட்டும் ஸ்ட்ரிங், சைட்டோஸ்கேப் வழியாக ‘மைய மரபணுக்கள்’ எடுத்தால் ஸ்டாட்1, சிஎக்ஸ்சிஎல்10, ஜிபிபி5 வருகின்றன. இது புதுக் கண்டுபிடிப்பா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. அவை இன்டர்ஃபெரான் என்ற நோய் எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம் தட்டியதும் எழும் மரபணுக்கள். வைரஸ் காய்ச்சலிலும் எழும். ஸ்ட்ரிங் வலையில் அதிகம் ஆராயப்பட்ட புரதத்துக்கு அதிக இணைப்பு இருக்கும். மையம் என்று கிடைப்பது பல நேரம் புகழ்தான். ஜிபிபி5, டியுஎஸ்பி3, கேஎல்எஃப்2 மூன்றையும் சேர்த்து காசநோயைக் கண்டறியும் ரத்த மதிப்பெண் 2016இலேயே வந்துவிட்டது.

கேள்வி (மருத்துவக் கல்லூரி விரிவுரையாளர்): 150 நோயாளிகள், 150 ஆரோக்கியமானவர்கள். முழு மரபணுத்தொகுதித் தேடல் செய்யலாமா?

பதில்: கூடாது. அங்கே தேற வேண்டிய பி-மதிப்பு 10 கோடியில் 5. ரஷ்யாவில் நுரையீரல் காசநோயில் ஏஎஸ்ஏபி1 மரபணுவைப் பிடிக்க 5,500க்கும் மேற்பட்ட நோயாளிகளும் அதே அளவு ஒப்பீட்டாளர்களும் தேவைப்பட்டார்கள் (2015). உங்கள் எண்ணிக்கைக்கு எச்எல்ஏ-டிஆர்பி1, எஸ்எல்சி11ஏ1 போன்ற சில மரபணுக்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு பார்க்கலாம். அதிலும் பெரிய விளைவு இருந்தால்தான் தெரியும். தென்னிந்தியாவில் ஒரு கண்ணி உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடித்ததால் சாதிக்குச் சாதி மரபணு விகிதம் மாறும். நோயாளிகள் ஒரு சமூகத்திலிருந்தும் ஒப்பீட்டாளர்கள் கல்லூரி ஊழியர்களிலிருந்தும் வந்தால், கிடைக்கும் ‘நோய் மரபணு’ அந்தச் சமூகத்தின் அடையாளமாகவே இருக்கும்.

கேள்வி (நோயாளியின் மகள்): அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து காசநோய் என்றார்கள். எனக்கும் தம்பிக்கும் மரபணுச் சோதனை செய்யணுமா ஐயா?

பதில்: வேண்டாம்மா. உங்களுக்கு உதவும்படி அப்படி ஒரு சோதனை இன்று இல்லை. வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் அரசுக் காசநோய் மையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் தடுப்பு மாத்திரை தருவார்கள். அப்பாவுக்குச் சளிப் பரிசோதனை நடந்ததா என்றும் கேளுங்கள்.

கேள்வி (ஆய்வகத் தொழில்நுட்பர்): கியூபிசிஆரில் (ஒரு மரபணுவின் ஆர்என்ஏ அளவை அளக்கும் முறை) சரிபார்க்கும்போது மேற்கோள் மரபணுவாக ஜிஏபிடிஎச் ஒன்று போதுமா?

பதில்: போதாது. இலக்கு மரபணுவின் சிடி (கண்ணில் படும் அளவுக்குப் பெருக எடுக்கும் சுற்று எண்; ஒன்று குறைந்தால் இரு மடங்கு ஆர்என்ஏ) காசநோயில் 24, ஒப்பீட்டில் 27. ஜிஏபிடிஎச் இரண்டிலும் 18 என்றால் எட்டு மடங்கு ஏற்றம். தூண்டப்பட்ட டி செல்லில் ஜிஏபிடிஎச் தானே ஏறி 17 ஆகிவிட்டால், அதே இலக்கு நான்கு மடங்காகத் தெரியும். இரண்டு மூன்று மேற்கோள் மரபணுக்களை முதலில் இரு குழுவிலும் ஓட்டி, அசையாதவற்றின் சராசரியை எடுங்கள். ப்ரைமர் (படியெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆர்என்ஏ வரிசைப்படுத்திய அதே நோயாளிகளின் மாதிரியில் இதைச் செய்தால் கருவி சரியாக வேலை செய்கிறது என்பதுதான் நிரூபணமாகும். சரிபார்ப்புக்குப் புது நோயாளிகள் வேண்டும்.